ஜூலை 4, நியூபோர்ட் பீச் படகு அணிவகுப்பு: வயசான அப்பா அம்மாவோடு எங்கிருந்து பார்ப்பது?

இர்வைன்வாசி:

வணக்கம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று, கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் துறைமுகத்தில் அமெரிக்கன் லீஜன் (முன்னாள் படைவீரர்கள் அமைப்பு) படகுச் சங்கம் நடத்தும் ‘ஓல்ட் குளோரி’ படகு அணிவகுப்புக்குக் கூட்டிப் போகலாம் என்று எண்ணம். மதியம் 1 மணிக்கு லைடோ தீவுப் பக்கம் தொடங்கி, துறைமுகத்தைச் சுற்றி வரும் என்பது வரை தெரியும். அம்மாவுக்கு முட்டி வலி, அரை மைலுக்கு மேல் நடக்க வைக்க முடியாது. அப்பாவுக்குச் சர்க்கரை, கழிப்பறை கிட்டத்தில் இருந்தே ஆகவேண்டும்.

பால்போவா தீவா, எதிரே இருக்கும் தீபகற்பமா, எந்தக் கரை நல்லது? காரை எங்கே விடுவது? இன்னொரு யோசனையும் ஓடுகிறது: மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் டஃபி மின்படகு ஒன்றை எடுத்து, கூரைமேல் பெரிய கொடியைப் போர்த்தி, நாங்களும் வரிசையில் சேர்ந்துகொள்ளலாமா? 6 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகளோடு மொத்தம் எட்டுப் பேர்.

கரையோரம்:

முட்டி வலி என்றால் பால்போவா தீவின் தெற்குக் கரை, சவுத் பே ஃபிரன்ட். இர்வைனிலிருந்து வழி தேட வேண்டியதில்லை. ஜாம்போரி சாலையைப் பிடித்து நேரே வந்தால், பசிபிக் கோஸ்ட் நெடுஞ்சாலையைத் தாண்டியதும் அதே சாலைதான் மரீன் அவென்யூ என்று பெயர் மாறிப் பாலம் ஏறித் தீவுக்குள் போகிறது. பாலத்திலிருந்து தெற்குக் கரை சுமார் அரை கிலோமீட்டர், சமதளம், படி கிடையாது.

ஆனால் தீவுக்குள் கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். தெருக்கள் ஒரு கார் அகலம். காலை 9 மணிக்கே காலியிடம் போய்விடும், அப்புறம் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். அப்பா அம்மாவையும் நாற்காலிகளையும் மரீன் அவென்யூவின் தென்கோடியில் இறக்கிவிட்டு, துணைக்கு ஒருவரை அங்கேயே வைத்துவிட்டு, ஓட்டுநர் மட்டும் பாலத்துக்கு வெளியே மேட்டுப் பக்கம் போய் நிறுத்திவிட்டு நடந்து வருவது நல்லது. 10 மணிக்கு இறக்கிவிட்டால் நிதானமாக இருக்கும். 11:30க்கு மேல் அந்தப் பாலத்தில் கார் நகராது.

எங்கே உட்காருவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கரை நெடுக நடைபாதை பொதுவழி, சரி. ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு தனியார் படகுத்துறை, அதில் கட்டிய படகு. அந்தப் படகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அணிவகுப்பில் பாய்மர உச்சி மட்டும்தான் தெரியும். தெருமுனைகளில், அதாவது தெரு வந்து கரையில் முட்டும் இடங்களில், துறை இல்லாத இடைவெளியும் சின்ன மணல் திட்டும் இருக்கும். அதைப் பிடியுங்கள். தெருப்பெயர் நினைவில் வைப்பது நம்மவர்களுக்குச் சுலபம்: ரூபி, டயமண்ட், சஃபயர், கோரல், டோபாஸ், பேர்ல் என்று நவரத்தினத்தில் பாதிக்கு மேல் அங்கே இருக்கிறது. நடைபாதையின் குறுக்கே நாற்காலி போடக் கூடாது; மணலில் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மணலில் போடுவதற்கு முன் நியூபோர்ட் பே முகத்துவாரத்தின் ஏற்ற இறக்க அட்டவணையை ஒருமுறை பாருங்கள். இந்தக் கரையில் கோடையில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் பெரிய ஏற்றம் இரவில் வரும், பெரிய வற்றம் விடிகாலையில். நண்பகலில் வருவது சின்ன ஏற்றம். ஆகவே மணல் முழுக்க மூழ்காது. ஆனாலும் தண்ணீர் ஓரத்தில் போட்ட முதல் வரிசை பின்னால் நகர வேண்டி வரும். சுவரை ஒட்டிப் போட்டால் கவலை இல்லை.

தென்றல்_திசை:

மேலே சொன்னவர் தீவு ஆதரவாளர் என்று தெரிகிறது :) சர்க்கரை இருக்கும் பெரியவரோடு வந்தால் நான் தீபகற்பம்தான் சொல்வேன், காரணம் ஒன்றே ஒன்று: கழிப்பறை. மரீனா பார்க்கில் இருக்கிறது, பால்போவா பியர் பக்கத்துப் பெனின்சுலா பார்க்கிலும் இருக்கிறது. தீவுக்குள் தேடி அலைய வேண்டும், கடைக்காரர்கள் அன்றைக்கு வாடிக்கையாளர் அல்லாதவர்களை விடுவதும் இல்லை.

மரீனா பார்க் 2015இல் திறந்த பூங்கா. 15ஆம் தெருவில் இருக்கும் அமெரிக்கன் லீஜன் 291ஆம் கிளைக்கு அடுத்தபடியே. பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம், உள் துறைமுகத்தைப் பார்த்த மணல் கரை, சாப்பிட ஒரு கடை எல்லாம் ஒரே இடத்தில். கட்டண நிறுத்துமிடமும் உண்டு, ஆனால் சீக்கிரம் நிறையும்.

இன்னொரு லாபம் வெளிச்சம். அங்கே கரை வடகிழக்கைப் பார்த்திருக்கிறது. தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகுப் பக்கம். தீவின் தெற்குக் கரையில் நேர் எதிர்: தண்ணீர்ப் பளபளப்பு முகத்தில் அடிக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அணிவகுப்பு தொடங்கும்போது நெருக்கமாகப் போகும் வரிசை, சுற்று முடியும் இடத்துக்கு வரும்போது இழுபட்டு இடைவெளி விழுந்திருக்கும். ஒரு படகு வரும், அப்புறம் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர். சுற்றுப்பாதை வரைபடம் முன்கூட்டியே வெளியாகும். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்கள், எங்கே முடிக்கிறார்கள் என்று அந்த வருடத்து வரைபடத்தில் பார்த்துவிட்டு இடம் முடிவு செய்யுங்கள்.

தீபகற்பத்துக்குள் வர சாலை வழி இரண்டுதான், நியூபோர்ட் பூலவார்ட் ஒன்று, மேற்கிலிருந்து வரும் பால்போவா பூலவார்ட் இன்னொன்று. மேற்கு நியூபோர்ட்டில் அன்று கூட்டம் பயங்கரம். காவல்துறை தெருக்களை அடைப்பது உண்டு, குறிப்பிட்ட பகுதியில் அபராதம் மும்மடங்கு. நகர எல்லைக்குள் எந்தப் பட்டாசும் கூடாது, கம்பி மத்தாப்பும் சேர்த்தி. கடற்கரையிலும் நடைபாதையிலும் மது கூடாது. கோடை வார இறுதிகளில் தீபகற்பத்துக்குள் இலவச ட்ராலி ஓடும். 4ஆம் தேதி உண்டா என்று நகராட்சித் தளத்தில் சரிபாருங்கள், நம்பி நிற்காதீர்கள்.

கரையோரம்:

கழிப்பறை விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “தீவில் உட்கார்ந்துவிட்டுத் தேவைப்பட்டால் ஃபெரியில் அக்கரை போய்வரலாம்” என்று யாரும் கிளம்ப வேண்டாம். அட்மிரல், கமடோர், கேப்டன் என்று மூன்று ஃபெரிகள், ஒவ்வொன்றும் மூன்று கார்கள் ஏற்றும். கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அது கடக்கும் கால்வாயும் படகுகள் போகும் கால்வாயும் ஒன்று. வரிசை போய்க்கொண்டிருக்கும்போது ஃபெரி இடைவெளி பார்த்துத்தான் புக வேண்டும். இரண்டு கரையிலும் வால் நீளும். அவசரத்துக்கு உதவாது.

நங்கூரம்_நாலு:

படகுக் கேள்விக்கு வருகிறேன். முதலில் சேர்வதா, ஓரமாக நின்று பார்ப்பதா என்று முடிவு செய்யுங்கள், இரண்டும் வேறு வேறு வேலை.

சேர்வதானால் அமைப்பாளரிடம் முன்பதிவு, வரிசை எண், எந்த வானொலி அலைவரிசையில் பேசுவார்கள் என்ற விவரம் எல்லாம் வேண்டும். அதற்கு முன் வாடகைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்: அணிவகுப்பில் சேர விடுவார்களா, அலங்காரம் கட்ட விடுவார்களா? பலர் விடுவதில்லை. விட்டாலும் டேப் ஒட்டக் கூடாது என்பார்கள், காரணம் கீழே சொல்கிறேன். வார இறுதியில் கிடைப்பதுபோல் ஜூலை 4க்குக் கிடைக்காது. வாரக்கணக்கில் முன்னால் பதிய வேண்டும்.

22 அடி டஃபி 12 பேர் வரை தாங்கும், எட்டுப் பேருக்குத் தாராளம். துறைமுகத்தில் வேக வரம்பு 5 மைல்தான், அதனால் மின்படகுக்குக் குறை ஒன்றும் இல்லை. 13 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் படகு நகரும்போது உயிர்காப்பு உடை *அணிந்தே* இருக்க வேண்டும், இது கலிஃபோர்னியா சட்டம். உங்கள் பிள்ளைகள் இருவரும் அதில் வருகிறார்கள். படகில் இருப்பது உடம்புக்குச் சரியான அளவா என்று துறையிலேயே போட்டுப் பாருங்கள்: தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் உடை காது வரை ஏறக் கூடாது. 2025 ஜனவரி முதல் இயந்திரப் படகு ஓட்ட எல்லா வயதினருக்கும் கலிஃபோர்னியா படகோட்டி அட்டை தேவை. வாடகைப் படகு எடுப்பவர்களுக்கு விலக்கு உண்டு. நண்பருடைய சொந்தப் படகை வாங்கி ஓட்டினால் விலக்கு இல்லை.

இப்போது அலங்காரம். காலை 9 மணிக்குத் துறையில் கட்டும்போது காற்றே இருக்காது, எல்லாம் அழகாகத் தொங்கும். கடற்காற்று 11, 12க்கு எழும்பும், அணிவகுப்பு நேரத்தில் 10 முதல் 12 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) சாதாரணம். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும்: 6 நாட்டில் தாங்கிய முடிச்சு 12 நாட்டில் நாலு மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும். அதனால்தான் காலையில் பிரமாதமாக இருந்த தோரணம் முதல் திருப்பத்திலேயே பிய்கிறது.

படகின் பக்கவாட்டுக்கு மடிப்பு விசிறித் தோரணம்தான் எடுப்பு. கடையில் முதலில் கண்ணில் படுவது 3 அடிக்கு 6 அடி. அதை வாங்காதீர்கள். டஃபியில் தண்ணீருக்கும் விளிம்புக்கும் இரண்டடி இருந்தால் அதிகம். மூன்றடித் தொங்கல் தண்ணீரில் நனைந்து இழுபடும். 1½ அடிக்கு 3 அடி வாங்குங்கள், பக்கத்துக்கு ஏழு, மொத்தம் 14. இரண்டு மேல்முனையிலும் பித்தளை வளையம் இருக்கும், அதோடு விடாமல் நடுவிலும் ஒரு கட்டு வேண்டும். ஓர் அடிக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டை என்று கணக்கு வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் நாற்பத்தைந்து ஐம்பது ஆகும், நூறு உள்ள பொட்டலம் வாங்கிவிடுங்கள். வாலை ஒட்ட நறுக்குங்கள், நீட்டிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் தொடையைக் கீறும். நறுக்கிய துண்டைத் தண்ணீரில் போடாதீர்கள்.

டேப் ஏன் வேண்டாம்: வெயிலில் பசை இளகி, படகின் வழவழப்பான மேல்பூச்சில் படிந்து, தேய்த்தாலும் போகாது. முன்பணத்தில் பிடிப்பார்கள். பெயின்டர் டேப் உரிந்து வரும், ஆனால் ஈரம் பட்டால் பிடிக்கவே பிடிக்காது. கூரையைத் தாங்கும் குழாய்களிலும் கைப்பிடிக் கம்பியிலும் *கட்டுங்கள்*.

படகு நிற்கிற அளவுக்குப் பெரிய தவறு ஒன்று உண்டு: நீளமான ரிப்பன். அவிழ்ந்து தண்ணீரில் விழுந்த ரிப்பன் நேராகப் பின்னால் போய், தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். மோட்டார் உறுமும், படகு நகராது. உடனே மின்விசையை அணையுங்கள், சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகுதான் எட்டிப் பார்க்க வேண்டும். பின்பக்கம் கடைசி மூன்றடியில் தொங்கும் பொருளே வேண்டாம். பளபளப்புப் படல பலூனும் வேண்டாம். ஹீலியம் அடைத்ததை எடைக்கல் கட்டாமல் விற்பதே இங்கே சட்டப்படி தவறு, அதோடு அறுந்தால் போய் விழுவது கடலில்.

ஓட்டும்போது: முன் படகுக்கும் உங்களுக்கும் மூன்று படகு நீளம், உங்கள் கணக்கில் 66 அடி. படகுக்குப் பிரேக் இல்லை, பின்விசை கொடுத்துத்தான் நிற்கும், அதற்குள் 20, 25 அடி போய்விடும். வரிசை தேங்கும்போது முழுக்க நிறுத்தாதீர்கள். 2 நாட்டுக்குக் கீழே சுக்கானுக்குப் பிடிப்பு போய்விடும், தோரணம் கட்டிய படகு பாய் விரித்ததுபோல் காற்றை வாங்கும், முன்முனை காற்று தள்ளும் திசைக்கே விலகித் திரும்பும். இரண்டு பக்கமும் நங்கூர மிதவையில் கட்டிய படகுகள் இருக்கும், இடம் குறைவு. சின்னச் சின்னதாக விசை கொடுத்து விட்டு, கொடுத்து விட்டுப் போங்கள்.

அம்மாவை ஏற்றுவது பற்றி யோசியுங்கள். துறையிலிருந்து படகில் கால் வைப்பது ஒரு தாழ்வான படி, படகு அசையும். அதைவிட, இந்தத் துறைமுகத்தில் பெரும்பாலும் கான்கிரீட் கரைச்சுவர். நூறு படகின் அலை சுவரில் மோதித் திரும்பி வந்து, எதிர் அலையோடு கலந்து, தண்ணீர் கொதிப்பதுபோல் ஆடும். மூன்று மணி நேரம் அந்த ஆட்டம், கழிப்பறையும் கிடையாது. டஃபியில் குளிர்பெட்டி வைக்க இடம் உண்டு, அதற்கு இடமில்லை.

இர்வைன்வாசி:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அப்பா அம்மா கரையில், நானும் பிள்ளைகளும் நண்பர் குடும்பத்தோடு படகில், வரிசையில் சேராமல் ஓரமாக என்று முடிவு. கூரைமேல் கொடி போர்த்துவது பற்றி யாரும் சொல்லவில்லையே? கூடவே நம் மூவர்ணக் கொடியும் ஒன்று வைக்கலாமா?

பாய்மரக்கூம்பு:

போர்த்தாதீர்கள். அமெரிக்கக் கொடி விதித்தொகுப்பு படகைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: வண்டி, ரயில், படகு இவற்றின் மேலோ பக்கவாட்டிலோ பின்னாலோ கொடியைப் போர்த்தக் கூடாது. கீழே இருக்கும் எதையும், தண்ணீர் உட்பட, தொடவும் கூடாது. தண்டனை என்று ஒன்றும் வராது. ஆனால் இதை நடத்துவது முன்னாள் படைவீரர்கள் அமைப்பு, பார்ப்பவர்களிலும் அவர்கள் நிறைய. பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள்.

கூரைக்கு வேண்டுமானால் நீலம், வெள்ளை, சிவப்புத் தோரணத் துணி போடுங்கள், அதற்கு இந்தத் தடை இல்லை. வரிசை மட்டும் தவறக் கூடாது: நீலம் மேலே, வெள்ளை நடுவில், சிவப்பு கீழே. மேலே நங்கூரம் சொன்ன விசிறித் தோரணத்தைத் தலைகீழாகக் கட்டிய படகு எல்லா வருடமும் ஒன்றிரண்டு கண்ணில் படும்.

உண்மையான கொடி பின்முனையில் தனிக் கம்பத்தில். அளவுக்குப் பழைய கணக்கு: படகின் நீளம் அடிக்கு ஓர் அங்குலம் கொடியின் நீளம். 22 அடிக்கு 16க்கு 24 அங்குலக் கொடி சரி. காலை 8 மணிக்கு ஏற்றி, சூரியன் மறையும்போது இறக்குவது வழக்கம். 50 நட்சத்திரத்துக்குப் பதில் நங்கூரத்தைச் சுற்றி 13 நட்சத்திரம் உள்ள கொடியும் பல படகுகளில் பார்ப்பீர்கள். தவறு இல்லை, 1848இலிருந்து இருக்கும் உல்லாசப் படகுக் கொடி அது. பிள்ளைகளிடம் எண்ணச் சொல்லுங்கள்.

மூவர்ணம் வைக்கலாம். ஒரே கம்பத்தில் மேலும் கீழுமாக வேண்டாம், அமைதிக் காலத்தில் இரு நாட்டுக் கொடிகளை அப்படிக் கட்டும் வழக்கம் இல்லை. தனிக் கம்பம், ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே அளவு. காவி மேலே என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கட்டுவது நண்பர் என்றால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பாய்மரப் படகுகளில் முன்முனையிலிருந்து கூம்பு உச்சி, அங்கிருந்து பின்முனை என்று வண்ணக் கொடிச்சரம் தொங்கும். பார்க்கத் தோரணம் மாதிரி இருந்தாலும் அவை கடல் சமிக்ஞைக் கொடிகள். இரண்டு எழுத்துக் கொடி, ஒரு எண் கொடி, மறுபடி இரண்டு எழுத்து என்று முறைவைத்துக் கட்டுவார்கள். அந்த வரிசைக்கு அர்த்தம் எதுவும் வராது, தற்செயலாகச் சொல் அமைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படி. தேசியக் கொடி அந்தச் சரத்தில் சேராது.

தென்றல்_திசை:

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து. மேற்கு நோக்கி வரும் படகில் கொடி பின்னால் விரிந்து பறக்கும். கிழக்கு நோக்கிப் போகும் படகில் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், கொடி முன்னால் மடிந்து கம்பத்தில் சுற்றிக்கொள்ளும். ஆகவே படகுகள் மேற்கே திரும்பும் பகுதியாகப் பாருங்கள். கொடி உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/1000 வினாடி. 1 மணிக்குச் சூரியன் கிட்டத்தட்ட 79 பாகை உயரத்தில், தலைக்கு மேல். தொப்பி போட்டவர்கள் எல்லோருக்கும் முகம் கறுப்பாக விழும். 2:30க்கு மேல் எடுக்கும் படம் தேவலை.

பெரியவர்களுக்கு: காலையில் மூடுபனி மேகம் இருக்கும், குளிராகவே இருக்கும், வெயிலே இல்லை என்று குடையை வீட்டில் விட்டு வருவார்கள். நண்பகலில் மேகம் விலகியதும் நிழல் என்பதே கிடையாது. கடற்காற்றில் சுடுவது தெரியாது, மாலையில்தான் கழுத்து எரியும். குடையைக் கையில் பிடிக்க முடியாது, காற்று பிடுங்கும். நாற்காலியில் திருகி மாட்டும் வகை வேண்டும்.

இர்வைன்வாசி:

கடைசிக் கேள்வி. படகை எங்கே நிறுத்திப் பார்ப்பது, முடிந்ததும் எப்போது கிளம்புவது?

நங்கூரம்_நாலு:

நடுக் கால்வாயில் நங்கூரம் போடக் கூடாது. ஃபெரி பாதையிலிருந்து விலகி, நங்கூர மிதவை வரிசைக்கு வெளியே, மெதுவாக மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருங்கள். அணிவகுப்பைக் குறுக்கே வெட்டாதீர்கள். தாண்டியே ஆகவேண்டுமென்றால் கடைசிப் படகு போகட்டும், அதன் பின்னால் போங்கள். சிக்கல் என்றால் வானொலியில் 16ஆம் அலைவரிசை, ஷெரிஃப் துறையின் ஹார்பர் பெட்ரோல் கேட்டுக்கொண்டிருக்கும். வாடகை நேரம் 3 மணிக்கு முடிகிறது என்றால் 2:15க்கே திரும்பத் தொடங்குங்கள், எல்லா வாடகைப் படகும் ஒரே நேரத்தில் ஒரே துறைக்கு வரும்.

கரையோரம்:

கடைசிப் படகு போன அடுத்த நிமிடம் மொத்தத் தீவும் அந்த ஒரே பாலத்தை நோக்கிக் கிளம்பும். ஒரு மணி நேரம் பொறுங்கள். மரீன் அவென்யூவில் வாழைப்பழத்தைக் குச்சியில் குத்தி உறையவைத்து, சாக்லேட்டில் முக்கி, வேர்க்கடலையில் புரட்டித் தருவார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை என்றீர்களே, அவருக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதம் 12:30க்கே கொடுத்துவிடுங்கள். அணிவகுப்பு முடியும்வரை காத்திருக்க வைக்காதீர்கள். தீபகற்பத்தில் உட்கார்ந்தால் பொறுக்க வேண்டாம், 3 மணிக்கே கிளம்பிவிடுங்கள். சாயங்காலம் ஆக ஆகச் சாலை மூடுவது கூடும், குறையாது.